மேலே நூற்று எழுபது, கீழே அறுபது

மாமா,

இன்று டாக்டர் மாமியின் கையில் பிரஷர் பட்டியைச் சுற்றிக் காற்றடித்தார். அந்தப் புஸ் புஸ் சத்தத்தில் எனக்கு உங்கள் முகம்தான் வந்தது. மேலே நூற்று எழுபது, கீழே அறுபது. உங்களுக்கு இருந்த அதே எண்கள். நாற்பது வருடம் எல்லாவற்றுக்கும் சண்டை பிடித்த நீங்கள் இருவரும் இதில் மட்டும் ஒற்றுமை.

இரண்டு வருடத்துக்கு முன் டாக்டர் உங்கள் பிரஷரை எழுதிய துண்டை நீங்கள் என்னிடம்தான் நீட்டினீர்கள். எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் ஒருவர் தும்மினால் மருந்து சொல்லப் பத்துப் பேர் வருவார்கள். மேல்மாடி அன்ரி, செத்துப்போன புருஷனின் மிச்சக் குளிசைகள் வீணாகக் கூடாதென்று தானே விழுங்கி முடித்தவர். அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் நான்.

"மேல கூட, கீழ குறைய. சராசரி பாத்தா நீங்கள் நல்ல சுகம் மாமா."

துறைமுகத்தில் முப்பது வருடம் சரக்கு மூட்டைகளை எடை போட்ட கிளாக்கர் நீங்கள். "ஒரு மூட்டை கூட, ஒரு மூட்டை குறைய, எல்லாம் சரியெண்டு நான் கையெழுத்து வைச்சிருந்தா அப்ப இருந்த கொட்டாஞ்சேனை வீட்டுக்கே திரும்பியிருக்க ஏலாது தம்பி," என்றீர்கள். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

ஒரு கிழமையில் திரும்பக் கூட்டி வரும்படி டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வியாழன் காலை தலை வாரி, அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுக் கொப்பியும் சட்டைப் பையில் வைத்து, கதிரை நுனியில் இருந்தீர்கள். முதல் நாள்தான் சந்திச் செக் பொயிண்டில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து நாலு தமிழ் ஆண்களை இறக்கிக் கொண்டு போயிருந்தார்கள்.

"இண்டைக்கு வேண்டாம் மாமா. எழும்பேக்க தலை சுத்துதெண்டீங்கள், அது கீழ்ப் பிரஷர் குறைஞ்சதால. உப்புப் போட்டுத் தேசிக்காய்த் தண்ணி குடிச்சா ஏறிடும்."

நானே பிழிந்து, நானே கலக்கித் தந்தேன். நீங்கள் ஒரே மூச்சில் குடித்தீர்கள். அடுத்த வியாழனும் அதுதான். ஐந்து வியாழன்கள். ஆறாவது கிழமை, சோற்றுக் கோப்பையை நோக்கி நீண்ட உங்கள் வலது கை பாதியில் விழுந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் நீங்கள் இல்லை.

இன்று டாக்டர் மாமிக்கு விளங்கப்படுத்தினார். வயது போகப் போகப் பெரிய இரத்தக்குழாய் இளக்கம் விட்டு விறைத்துப் போகுமாம். இதயம் தள்ளும்போது அது விரிந்து கொடுக்காது, மேல் எண் ஏறும். தள்ளி முடிந்து இதயம் ஓய்கிற நேரத்தில் தாங்கிப் பிடிக்கவும் அதற்கு ஏலாது, கீழ் எண் இறங்கும். ஏறுவதும் இறங்குவதும் அந்த விறைப்பால் வந்த ஒரே வருத்தம்தான். கீழ் எண் மெத்த விழாமல் பார்த்துப் பார்த்து மருந்து கொடுக்க வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும்.

"எனக்கு ஒரு சிநேகிதன், டாக்டர்," என்று தொடங்கி, தேசிக்காய்த் தண்ணிக் கதையைச் சொன்னேன். சிரிப்பாரென்று நினைத்தேன்.

"உப்பு பிழைதான். ஆனா உங்கட சிநேகிதன் அந்த நோயாளியை ஏன் திரும்பக் கூட்டிக்கொண்டு வரேல்லை?"

நான் மாமியின் மருந்துத் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். எழுபத்திரண்டு வயதுக்காரரை எந்தச் செக் பொயிண்டில் இறக்கியிருப்பார்கள், மாமா? இறக்கினால் என்னைத்தான் இறக்கியிருப்பார்கள். கணக்கும் வைத்தியமும் அந்தப் பயத்துக்கு நான் போட்ட சட்டைகள்.

திரும்பி வரும்போது காலி வீதி ஓரத்தில் மாமியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் குடையை விரித்து என் தலைக்கும் பிடித்தார்.

"அவருக்குத் தெரியும் தம்பி. ஏன் கூட்டிக்கொண்டு போகேல்லையெண்டு நான் உங்களிட்டக் கேட்கப் போனனான், அவர் விடேல்லை. 'பெடியன் பயப்பிடுறான், ஒண்டும் கேட்காத' எண்டவர்."

நாற்பத்தாறு வயதுப் பெடியன்! அப்படியென்றால் என் முகம் கோணாமல் இருக்கத்தான் அந்த உப்புத் தண்ணியைக் குடித்தீர்களா? ஒரு நாளாவது என்னை ஏசியிருக்கலாமே.

வருகிற வியாழன் மாமியைத் திரும்பக் காட்ட வேண்டும். சந்தியில் இன்றும் பஸ்ஸை மறிக்கிறார்கள். பயம் போகவில்லை, மாமா. அதையும் கூட்டிக்கொண்டு போவேன்.