சாயங்காலக் கையெழுத்து

அன்புள்ள தபேதாருக்கு,

பக்கத்து வீட்டில் சவுக்குச் சருகைக் கூட்டிக் கொளுத்துகிறார்கள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் மகாபலிபுரத்து முகாம் பங்களா கண்ணில் வந்துவிட்டது. வாசலில் மார்பின் குறுக்கே டவாலிப் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நீர் நிற்கிறீர். செத்துப்போய் இத்தனை வருஷம் ஆகியும் அந்த விறைப்பு மட்டும் உமக்குப் போகவில்லை.

ஐம்பதுகளில் நான் தாசில்தார்; என் கோப்புகளைச் சுமந்தவர் நீர். செங்கல்பட்டிலிருந்து அங்கே முகாம் போட்டால் காலை எட்டு மணிக்கே மனுக்காரர்கள் வரிசை கட்டிவிடுவார்கள். முதல் பத்து மனுவுக்கு வரைபடத்தைப் பிரித்துப் பார்ப்பேன், கேள்வி கேட்பேன். நாற்பதாவது வரும்போது மண்டை காய்ந்திருக்கும். கிராம முன்சீப் என்ன எழுதியிருக்கிறாரோ அதன் கீழே கையெழுத்து. பெரும்பாலும் அது 'முடியாது' என்றுதான் இருக்கும். அதைக் கண்டிப்பு என்று நானே மெச்சிக்கொண்டேன்.

அப்படித்தான் ஒரு மாலை, பதினோரு கூலிக் குடும்பங்கள் குடிசையைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டேன். ஏரிப் புறம்போக்கு என்பது முன்சீப் அறிக்கை. நீர் அதைத் தபாலில் சேர்க்காமல் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டீர். எனக்கு வந்ததே கோபம்!

"என் ஆர்டரை நிறுத்த நீர் யாரய்யா? வேலை போய்விடும், தெரியுமா?"

"தூக்கிடுங்க எஜமான். ஆனா காலைல தூக்குங்க. இப்ப ரொம்ப பேஜாரா கீறீங்க."

அந்த வேகத்திலேயே உம்மைத் தற்காலிகமாக நீக்கி ஓர் உத்தரவு எழுதி, உம் கையிலேயே கொடுத்தேன்.

விடிந்ததும் என்னைக் கடலுக்கு இழுத்துப்போய், வேட்டியை மடித்துக் கட்டச் சொல்லி அலையில் நிற்கவைத்தீர். "ஃபைலு எங்கியும் ஓடிப்பூடாது, நில்லுங்க" என்றீர். நாஸ்தா முடிந்து மேசைக்கு வந்தால் இரண்டு உத்தரவும் காத்திருந்தன. குடிசைக்காரர்களுடையது மேலே, உம்முடையது கீழே. உம் பிழைப்பைக் கீழே வைத்திருந்தீர் ஐயா! வரைபடத்தைப் பிரித்தேன். அது ஏரி நிலமே அல்ல. ஊர் நத்தம், ஜனங்கள் குடியிருக்கவென்றே விட்ட இடம். இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

"இன்னா எஜமான், என்னுதையுமா?" என்று சிரித்தீர்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, மாலை நாலு மணிக்கு மேல் யாருக்கும் 'முடியாது' என்று நான் எழுதியதில்லை. மேலிடத்தில் சோம்பேறி என்று பேர் வாங்கினேன், வாங்கினால் என்ன? உம்மை எனக்கு அவ்வளவு பிடிக்கும். நீர் இருந்தபோது அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. நீர் என்னிடம் வருவதற்கு முன் நாலு வருஷம், நான் மாலையிலும் கையெழுத்துப் போட்டவன். அந்த உத்தரவுகளெல்லாம் அன்றன்றைக்கே தபாலில் போய்விட்டன.