செருமல் ஐயா

அக்டோபர் 14

உருளைக்கிழங்கு தோண்டி முடிந்தது. மாமனார் இன்று நாலு முறை வீட்டுக்குள் வந்தார். நாலு முறையும் வாசலில் நின்று செருமினார். நாலு முறையும் என் கை முக்காட்டுக்குப் போனது. இருபத்தோரு வருஷப் பழக்கம்.

அக்டோபர் 22

துவைக்கும்போது அவர் கைக்குட்டையில் ரத்தம்.

அக்டோபர் 24

நரின் டவுன் ஆஸ்பத்திரி. நர்ஸ் அவர் பேரைக் கேட்டாள். மருமகள் வாயால் எப்படிச் சொல்வேன்? "ஏன்க்கா, வாய்ல கொழுக்கட்டையா?" என்றாள். அடையாள அட்டையை நீட்டினேன்.

டாக்டர் என்னைத்தான் கேட்டார். "எத்தனை மாசமா இருமுறாரு? ஒரே வீட்லதானே இருக்கீங்க, காதுல விழலையா?"

விழுந்ததே. தினமும் விழுந்ததே. நான் முக்காட்டைத்தானே இழுத்து விட்டேன் — பாவி.

நுரையீரல் முழுக்கப் பரவிவிட்டதாம்.

நவம்பர் 2

அவர் டீ ஆறிக் கிடக்கிறது. அவர் இல்லை.

நவம்பர் 3

எங்கள் மலைநாட்டு வழக்கப்படி முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டு அவரைக் கிடத்தினார்கள். பெண்கள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தோம். "என் செருமல் ஐயா" என்று அழுதேன். ஊரே அவரை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடும்.

"அந்தப் பேரு எங்கேருந்துடி வந்துச்சு?" என்றாள் நாத்தனார் சைக்கால்.

சொன்னேன். "மாமனார் பேரைச் சொல்லக்கூடாது, நீயே ஒரு பேரு வைனு உங்கம்மா சொன்னாங்க. எப்பப் பாத்தாலும் வாசல்ல செருமிக்கிட்டு நிக்கிறாரேன்னு எரிச்சல்ல வெச்சேன் அண்ணி. முக்காடு இல்லாம இருந்தா நான் கூசிப்போயிடக் கூடாதுன்னுதான் செருமுறாருன்னு ஒரு வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுது. அப்புறம் அந்தப் பேரைச் சொன்னாலே தலை தானா குனியும்."

சைக்கால் மூக்கைச் சிந்தினாள். "பெத்த பொண்ணு எனக்கு ஒருநாள் செருமினதில்லடி அந்த மனுஷன். கதவை உதைச்சுக்கிட்டுத்தான் வருவாரு." சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

டிசம்பர் 11

நாற்பதாம் நாள். குதிரைக்கறி வெந்தது, மாவுத்துண்டுகள் பொரித்தேன். எல்லோரும் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். முக்காடு தோளில் கிடந்தது. வாசலில் ஒரு செருமல்.

முக்காட்டைத் தொடவில்லை. வெறும் தலையோடு, ஈரக்கையோடு ஓடினேன்.

என் வீட்டுக்காரர். இத்தனை வருஷமும் நேரே உள்ளே வந்த மனிதர்.

"எத்தனை நாளா இருமுது? ரத்தம் வருதா?"

"ஐயோ, ஒண்ணுமில்லடி. சும்மா... அப்பா மாதிரி."

நாளைக்கு டவுன் பஸ்ஸில் கூட்டிப்போய் நெஞ்சைப் படம் எடுக்க வேண்டும். வரமாட்டேன் என்கிறார். வருவார்.