இரண்டாம் குழாயும் ஐந்தாம் குழாயும்

என் மேசைமேல் உன் உறை கிடக்கிறது. பிரித்து மூன்று வாரமாகியும் கருவாட்டு வாடை போகவில்லை. இதை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்க்க வேண்டும் என்று நம் நெறியாளர் சொல்லிவிட்டார். "நாறுமே சார்" என்றேன். "நாறட்டும்மா" என்று சிரித்தார். அவர் சிரித்து நீ பார்த்ததில்லை. நானும் அன்றுதான் பார்த்தேன்.

நாகர்கோவிலில் அந்த ஆய்வுக்கூடத்தில் நாம் இருவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். நான் பூதப்பாண்டிக்காரி, நீ முட்டத்துக்காரி. நான் வயலைப் பற்றிப் பெருமையடித்தால் நீ கடலைக் கொண்டுவந்து குறுக்கே போடுவாய். தொட்டால் சுருங்கும் தொட்டாவாடிச் செடியை ஆய்வுக்கு எடுத்தது உன்னால்தான். மீன் விற்கிற உன் அம்மா, பெரும்பாடு வந்து மாதவிலக்கு உதிரம் நிற்காத நாளிலும் சந்தைக்குப் போவார். போகுமுன் தொட்டாவாடி இலையை அரைத்து, முந்தின நாள் கஞ்சித்தண்ணியில் கலக்கிக் குடிப்பார். "அது கேக்குதா, இல்ல சும்மா மனசுக்கா? பொய்யின்னா பொய்யின்னு அம்மைட்ட நான்தான் சொல்லணும்" என்பாய். உனக்கு அந்தப் பட்டத்தைவிட இதுதான் பெரிது.

இரண்டு வருடம் புத்தகத்தில் உள்ளபடி மெத்தனாலில் சாறு இறக்கி, கருப்பையின் உட்சுவர் செல்களுக்குக் கொடுத்துப் பார்த்தோம். உதிரப்போக்கோடு சேர்ந்து வரும் வீக்கத்துக்கு அடையாளமாக அந்தச் செல்கள் விடுகிற சுரப்பு இம்மியும் குறையவில்லை. செடியை மாற்றச் சொன்னார் நெறியாளர். அன்று மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தவள் அப்படியே நிறுத்திக் கேட்டாய்: "ஏட்டி, எங்க அம்மை மெத்தனாலா குடிக்கா?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. வயக்காட்டில் பிறந்தவள் நான். கஞ்சித்தண்ணி எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்!

மறுநாள் உன் வீட்டிலிருந்து ஒரு குப்பி கஞ்சித்தண்ணி வந்தது. அதில் ஊறிய இலைச்சாற்றைக் கொடுத்ததும் சுரப்பு குறைந்தது. நான் துள்ளினேன். நீ அசையவில்லை. "கஞ்சித்தண்ணிய மட்டும் குடுத்துப் பாத்தியா?" என்றாய். பார்க்கவில்லை. "பின்ன என்னத்துக்குச் சாடுத?"

அதன்பின் நீயே எல்லாவற்றையும் தயாரித்தாய். வெறும் தண்ணீர், வெறும் கஞ்சித்தண்ணி, தண்ணீரில் இலை, கஞ்சித்தண்ணியில் இலை, மெத்தனாலில் இலை என்று ஐந்து வகை வைத்திருப்பதாகச் சொன்னாய். நிறம் தெரியாதபடி தாள் சுற்றிய ஐந்து குழாய்கள், மேலே எண் மட்டும். எந்த எண்ணில் எந்தச் சாறு என்ற சீட்டை உறையில் போட்டு ஒட்டினாய். "உன் கையில இருந்தா பிரிச்சிருவ. அம்மைட்ட குடுக்கேன். முடிவ எழுதி, சார் கையெழுத்துப் போட்ட பொறவு வா." என் குணம் உனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் உனக்குக் காய்ச்சல் வந்தது. எட்டே நாள், நீ போய்விட்டாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பாதி வேலையில் விட்டுவிட்டுப் போகிறவளா நீ?

தனியாகச் செய்தேன். மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் இரண்டாம் குழாயும் ஐந்தாம் குழாயும் அச்சாக ஒரே அளவு காட்டின. இரண்டிலும் சுரப்பு நன்றாகக் குறைந்தது, மற்ற மூன்றில் மாற்றமே இல்லை. ஐந்தும் வேறு வேறு சாறு என்றால் இரண்டு மட்டும் எப்படி ஒன்றாகும்? "குழாயை மாற்றி ஊற்றிவிட்டாயாம்மா? அப்படியானால் எல்லாம் குப்பைதான்" என்றார் நெறியாளர். மறுபடி செய்து பார்க்க நீ தந்த சாற்றில் ஒரு சொட்டு மிச்சமில்லை. உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

முட்டத்துக்குப் பஸ் ஏறினேன். உன் அம்மா அடுக்களையில் கருவாட்டு டின்னைத் திறந்து உறையை எடுத்தார். "சைவக்காரி இதுக்குள்ள கைய விடமாட்டான்னு சொல்லி அவதான் வச்சா மக்கா" என்றார்.

உள்ளே உன் கையெழுத்து.

"ஒண்ணு வெறும் தண்ணி. ரெண்டு கஞ்சித்தண்ணியும் இலையும். மூணு வெறும் கஞ்சித்தண்ணி. நாலு தண்ணியும் இலையும். அஞ்சு, திரும்பவும் ரெண்டாவதுதான். மெத்தனால் வைக்கவே இல்ல. ரெண்டும் ஒத்து வந்தா நீ ஒழுங்கா செய்திருக்க. வரலேன்னா எங்கிட்ட ஏச்சு உண்டு."

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள். கள்ளி! மாதக்கணக்கில் என்னை வாட்டி எடுத்த அந்த இரண்டு குழாய்கள்தாம் என் வேலை சரி என்பதற்குச் சாட்சி. மருந்து என்று சொல்ல இன்னும் வெகுதூரம் போக வேண்டும். கிண்ணத்தில் வளர்ந்த செல்லில்தானே பார்த்திருக்கிறோம்! ஆனாலும் பார்த்துவிட்டோம், ஏட்டி.

உன் அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். "கேக்கும்னு எனக்குத் தெரியும்லா மக்கா" என்றார். டின்னை மூடிக்கொண்டே, "அவ அறியாமப் போயிட்டாளே" என்றார். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நீ அம்மாவிடம் பொய்யென்று சொல்ல வேண்டியிருந்திருக்காது.

இந்த மாதம் நம் கூடத்தில் ஒருத்தி புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். ஆறு வகைச் சாறு என்று சொல்லி அவளிடம் ஆறு குழாய் கொடுத்திருக்கிறேன். உண்மையில் ஐந்து வகைதான். சீட்டு உன் அம்மாவின் கருவாட்டு டின்னுக்குள் இருக்கிறது. நானே கையை விட்டு வைத்தேன்.