குதிரையைப் பின்னால் வைத்தேன்

அன்பு மகள் விஸ்மாவுக்கு அம்மா எழுதுவது. வல்மியராவில் நானும் அப்பாவும் நலம்தான், அப்பாவின் முழங்கால் மட்டும் பனியோடு மல்லுக்கட்டுகிறது, விளாடிவோஸ்டாக் குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதே எங்கள் பேச்சு.

நம் லாட்வியன் கேம்பிட் உனக்குத் தெரியும், எடுத்த எடுப்பிலேயே கருப்பு ஒரு சிப்பாயைத் தூக்கிக் கொடுத்துத் தாக்கும் சதுரங்க ஆட்டம், நானும் டவுகவ்பில்ஸ் ஊர் எய்ஜென்ஸும் அதைக் கட்டிக்கொண்டே நரைத்தவர்கள். தேறாத ஆட்டம் என்று கிளப்பில் எல்லாரும் கேலி செய்ததால், தேறுமா தேறாதா என்று பார்த்துவிட இருவரும் தபால் கார்டில் ஒரே சமயத்தில் இரண்டு ஆட்டம் ஆடுகிறோம், ஒன்றில் எனக்கு வெள்ளை, மற்றதில் அவருக்கு. சமையலறை மேசை முழுக்க போர்டுகள், அப்பா மடியில் தட்டை வைத்துக்கொண்டு, "நீ எய்ஜென்ஸையே கட்டியிருக்கலாம், நானாவது மேசையில உக்காந்து சாப்பிட்டிருப்பேன்" என்கிறார்.

இரண்டு ஆட்டமும் ஒரே நிலையில் வந்து நின்றன, இரண்டிலும் வெள்ளையின் முறை. பட்டாணி வேகும்போது போர்டை எட்டிப் பார்த்தேன், தெரிந்துவிட்டது. வெள்ளைக் குதிரையைச் சும்மா ஒரு வரிசை பின்னால் வைத்தால் போதும், கருப்புக்கு மூச்சுவிட வழியில்லை. நான் அதை ஆடினால் அவரும் மற்ற போர்டில் அதையே எனக்குத் திருப்புவார், கேம்பிட்டின் கதை அத்தோடு முடிந்தது. ஆடாமல் மறைத்தால் நான் பொய்க்காரி. கூண்டில் மாட்டியதுபோல வீட்டுக்குள்ளேயே சுற்றினேன். அப்பாவிடம் சொன்னதற்கு, "பாத்ததைப் பாக்கலைன்னு சொல்ல உனக்கு வராது, விடு" என்றார். பதிலுக்குக் கெடு நேற்றோடு முடிவதால் மத்தியானம் அந்தக் குதிரை நகர்த்தலையே எழுதிப் பெட்டியில் போட்டேன், வீடு வரும்வரை அழுதேன்.

இன்று அவர் கார்டு வந்தது. அவருடைய வெள்ளையில் ஓரத்துச் சிப்பாயை நகர்த்தியிருக்கிறார், உப்புச்சப்பில்லாத நகர்த்தல். கீழே பொடி எழுத்தில், "அக்கா, குதிரையைப் பின்னால வைக்கலாம்னு போன மாசமே பாத்துட்டேன். நான் வைக்கல, நீங்களும் வைக்காதீங்க. கேம்பிட் நம்ம காலம் வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்" என்று எழுதியிருக்கிறார். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல், என் கார்டைத் திரும்ப வாங்கத் தபால் நிலையத்துக்கு ஓடினேன். "தபால் பை நேத்தே ரயில் ஏறிடுச்சும்மா" என்றாள் அங்கிருந்த பெண்.

கம்பளிக் காலுறை இல்லாமல் துறைமுகத்துக்குப் போகாதே, வேளைக்குச் சாப்பிடு, எங்கள் ஆசி எப்போதும் உன்னைச் சுற்றியே இருக்கும். எய்ஜென்ஸுக்கு எழுத ஒரு கார்டை எடுத்து வைத்திருக்கிறேன், "அன்புத் தம்பி" என்பதற்கு மேல் கை ஓடவில்லை.

உன் அம்மா,
ஆஸ்ட்ரா