முற்றிய மூங்கிலின் மாவு

அக்கா,

எழுத்துக்கூட்டவும் தெரியாத உனக்கு, நீ போன பிறகும் எழுதுகிறேன். பொறுத்துக்கொள். முன்பெல்லாம் என் கடிதங்களை, ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக் கிராணி உனக்குப் படித்துச் சொல்வார். இதைப் படிக்க யாரிடமும் கொடுக்க மாட்டேன். வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை என் புத்தகங்களின் மேல் வெள்ளை மாவு உதிர்ந்திருந்தது. துடைத்தேன். மத்தியானம் மறுபடியும் உதிர்ந்திருந்தது. நான் பட்டம் வாங்கி வந்ததும் புத்தகம் வைக்கட்டும் என்று நீ கட்டிய மூங்கில் அடுக்கை வண்டு துளைக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் வாடகை அறைக்கு நம் வீட்டிலிருந்து நான் கொண்டுவந்தது அது ஒன்றுதான். காதை வைத்தால் கரகரவென்று கேட்கிறது.

சாலாக் செலாத்தானில் நம் பலகை வீட்டுக்குப் பின்னால், ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய குட்டை ஓரம் நின்ற மூங்கில் புதர். அப்பாவும் அம்மாவும் காய்ச்சலில் போன பின் நமக்குச் சோறு போட்டது அதுதான். கழி வெட்டி, பயற்றங்கொடி ஏற்றச் சீனத் தோட்டக்காரர்களுக்கு விற்பாய். மழை பிடித்ததும் முளை கிளம்பும். முழங்கால் உயரத்தில் நிற்பது இரண்டு நாளில் என் இடுப்பைத் தாண்டிவிடும். என்னை அதன் பக்கத்தில் நிறுத்துவாய்.

"பாருடி, முந்தா நேத்துப் பொறந்தது உன்னை முந்திருச்சு. நீ தின்னுற சோறெல்லாம் எங்கடி போகுது?"

எல்லாவற்றுக்கும் திட்டுவாய். விளக்கைத் தணிக்க மறந்தால் திட்டு. கடைக்காரரிடம் முணுமுணுத்தால், "வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க? சத்தமாக் கேளுடி!"

பிறகு என்னைக் காலேஜில் படிக்கச் சென்னைக்குக் கப்பலேற்றிவிட்டாய். முதலாண்டில், இலைகள் வெயிலைக் கொண்டு உணவு செய்கின்றன என்று படித்தேன். அவ்வளவுதான் படித்திருந்தேன். அன்றைக்கே உனக்கு எழுதினேன்: முற்றிய கழிகள் வெயிலை மறைக்கின்றன, மழைக்கு முன்பே எல்லாவற்றையும் வெட்டிவிடு, இளசுகள் நன்றாக வரும்.

மூன்றாம் ஆண்டில், முற்றிய மூங்கிலை மெல்லியதாகச் சீவி அயோடின் விட்டுப் பார்க்கச் சொன்னார்கள். சீவல் கருநீலமானது. அத்தனையும் மாவுச்சத்து. முளைக்கு இலையே கிடையாது, அக்கா. அது தனக்கென்று எதையும் சமைக்காது. மூத்த கழிகளும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கும் சேர்த்து வைத்த மாவு சர்க்கரையாகக் கரைந்து அதற்குப் போகிறது. அந்த வேகம் முளையின் வேகம் அல்ல. உருப்பெருக்கியிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் பக்கத்துப் பெண் என் முகத்தைப் பார்த்திருப்பாள்.

மூங்கில் எப்படி இருக்கிறது என்று எழுதிக் கேட்டேன். கிராணியின் கையெழுத்தில் உன் பதில் வந்தது: "நல்லா இருக்கு. நீ படிப்பப் பாரு." நம்பினேன். நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

நான் வந்து இறங்கியபோது நீ இல்லை. புதர் நின்ற இடத்தில் விரல் பருமனில் சில குச்சிகள், நுனி கருகி நின்றன. உன்னிடம் கழி வாங்கிய சீனத் தோட்ட முதலாளி, அந்தத் தவுக்கேதான் சொன்னார்.

"நான் அப்பவே சொன்னேன்லா, கிழட்டு மூங்கில் வெட்டாதே, அது தாய்னு. உன் அக்கா சிரிக்குது. 'தவுக்கே, உனக்கு என்ன தெரியும்? என் தங்கச்சி காலேஜுலா'ன்னு சொல்லுது."

அடுத்த மழைக்கு முளைகள் மெலிந்து வந்தன. அதற்கடுத்த மழைக்கு அதுவும் இல்லை. நீ ரோட்டு வேலைக்குக் கல் சுமக்கப் போயிருக்கிறாய். நனைந்து நனைந்து காய்ச்சலில் விழுந்து, எழாமலே போயிருக்கிறாய். எனக்கு வரும் பணம் மட்டும் ஒரு மாதமும் நின்றதில்லை.

அன்று வெட்டிய கழிகளில் நேரானவற்றை விற்காமல் எடுத்துவைத்து இந்த அடுக்கைக் கட்டினாயாம். மழைக்கு முன்பு, மாவு நிறைந்திருந்த நேரத்தில் வெட்டியவை. முளைக்குப் போயிருக்க வேண்டியது இப்போது வண்டுக்குப் போகிறது.

இங்கே பள்ளியில் பாடம் சொல்கிறேன். "டீச்சர், இது ஏன்?" என்று ஒரு பிள்ளை கேட்டால், புத்தகத்தை இன்னொரு முறை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். நான் சொல்வதை அப்படியே வீட்டில் போய்ச் சொல்வார்களே.

மாவைத் துடைப்பதை விட்டுவிட்டேன். விரலில் ஒட்டினால் ஒட்டியபடி இருக்கிறது.

கடைசியில் கேட்கலாம் என்று ஒன்றை வைத்திருந்தேன். விளக்குக்குத் திட்டினாய், முணுமுணுப்புக்குத் திட்டினாய். இதற்கு மட்டும் ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்விட்டாய்.

ஒரே ஒரு முறை என்னைத் திட்டு, அக்கா. சத்தமாக.