ஸ்ரேயா போட்ட பாத்தி

லோத்குண்டா,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு ரக்ஷிதாவின் வணக்கம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா வேளைக்கு மாத்திரை போடுகிறாரா? எனக்கு வேலை பழகிவிட்டது.

வாடகை வீட்டின் பின்னால் கொஞ்சம் மண் தரை இருக்கிறது. குழாயடியில் கீரை, வெயில் பக்கம் தக்காளி, சுவரோரம் அவரைப் பந்தல் என்று தாளில் வரைந்து, வீட்டுக்கார அம்மா திரிபுரசுந்தரியிடம் காட்டினேன். அவர் உள்ளே போய் ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தார். இரண்டு வருடத்துக்கு முன் இறந்துபோன அவர் மகள் ஸ்ரேயா வரைந்த படம். கீரை, தக்காளி, பந்தல் எல்லாம் நான் வரைந்த அதே இடத்தில். சின்ன இடம், ஒரே குழாய், வேறு எப்படி வரைய முடியும் என்று சிரித்து வைத்தேன்.

அன்றிலிருந்து என்னை ஸ்ரேயா என்றே கூப்பிடுகிறார். முதலில் திருத்தினேன். அவர் முகம் வாடியதும் விட்டுவிட்டேன்.

இன்று காலை கீரைக்குத் தண்ணீர் விடும்போது, "ஸ்ரேயா, இன்னும் தண்ணி நக்கோடீ, வேர் அழுகிடும்" என்றார் (இந்த ஊர்ப் பேச்சில் நக்கோ என்றால் வேண்டாம்). "சரிம்மா" என்று குழாயை மூடினேன். மூடிய பிறகுதான் உறைத்தது.

பயப்படாதே, ஒன்றுமில்லை. கொத்தவரை விதை இருந்தால் அனுப்பு. அந்த நோட்டில் கொத்தவரை இல்லை. மெசேஜ் வேண்டாம், போன் பண்ணு. எடுத்ததும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு.

பின்கட்டில் கூப்பிடுகிறார், போகிறேன்.

உன் மகள்,
ரக்ஷிதா