பின் போர்ஷனில் ஒரு பகல்

மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் முகத்தில் வந்து படுகிற வாசனை உனக்கு நன்றாகத் தெரியும். காய்ந்த சுவர், பழைய சாம்பிராணி, பல்லி எச்சம் எல்லாம் கலந்த ஒன்று. நேற்றுக் காலை ஸ்ரீரங்கத்து வீட்டின் பின் போர்ஷனைத் திறந்தபோது அதோடு உன் முட்டிவலித் தைலமும் மணத்தது. நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.

என் பையில் பால் பாக்கெட், காபித் தூள், அரை கிலோ அரிசி, ஒரு பாய். எதற்கென்று உனக்குத் தெரியும். அந்த வழக்கத்தை ஆரம்பித்தவளே நீதானே.

இந்த வீட்டை நாம் சேர்ந்து வாங்கியபோது இருவரும் தில்லை நகரில் ஒரே கிளினிக்கில் வேலை பார்த்தோம். நான் டோக்கன் கொடுக்கும் இடத்தில், நீ மருந்துக் கவுண்டரில். கொள்ளிடம் பக்கம், மூன்று போர்ஷன், மொட்டை மாடியில் ஒரு தொட்டி. வாடகைக்கு விட்டுவிட்டால் வீடு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று நான் மனதார நம்பினேன். வீடு அப்படி எதையும் செய்யவில்லை. மோட்டார் படுத்தது, உப்புத் தண்ணீரில் குழாய்கள் அடைத்தன, புதிதாக வெள்ளையடித்த சுவரில் ஆணி அடித்தே தீருவேன் என்று ஒருவர் நின்றார். சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்து, சாவியை எதிர் மளிகைக் கடையில் கொடுத்துவிட்டுப் போன குடும்பமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததே நமக்கு மறந்துபோனது.

நான் உறையூரில் சொந்த வீட்டில் பிறந்து அதே வீட்டில் வளர்ந்தவள். நீ அதுவரை பதினோரு வாடகை வீடுகளில் இருந்திருந்தாய். ஒவ்வொன்றையும் அதன் குறையைச் சொல்லியே நினைவு வைத்திருப்பாய். புகை போகாத வீடு, தாழ்ப்பாள் விழாத வீடு, மாடியில் அம்மி அரைத்த வீடு என்று. அதனால்தான் முதல் போர்ஷன் காலியானதும் போர்டு மாட்டப் போன என் கையைப் பிடித்து நிறுத்தினாய். “இருடி. ஒரு நாள் நாம குடியிருந்து பாத்துட்டு அப்புறம் விடுவோம். இல்லேன்னா பாவம், வர்றவங்க தலையில இல்ல விடியும்” என்றாய்.

அன்றிலிருந்து அது நமக்குச் சட்டமாகிவிட்டது. போர்ஷன் காலியானால் ஒரு நாள் லீவு. காலையில் போய்ப் பால் காய்ச்சி, சமைத்து, குளித்து, துணி துவைத்துக் காயப்போட்டு, மாலை வரை அங்கேயே இருப்போம். அடுப்படியில் வெயில் எத்தனை மணிக்கு இறங்குகிறது, சாக்கடை எப்போது நாறுகிறது, பக்கத்துப் போர்ஷன் பேச்சு எவ்வளவு கேட்கிறது, எல்லாம் அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும். நீ ஒரு தாளில் எழுதுவாய், மறுநாள் நான் கொத்தனாரைத் துரத்துவேன்.

எனக்கு அந்த நாட்களில் பிடித்தது மத்தியானம்தான். சாமான் இல்லாத அறையில் பாய் விரித்துப் படுத்திருப்போம். மெதுவாகப் பேசினாலும் குரல் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரும். ஜன்னல் வெயில் கட்டம் கட்டமாகத் தரையில் விழுந்து, நகர்ந்து, உன் பாதத்தில் ஏறும். கோயில் மணிச் சத்தம் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் வரும். தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்று தெரியாது. யாருடைய வீடு என்பதும் மறந்துபோகும். அதுபோன்ற தூக்கம் என் சொந்த வீட்டில்கூட எனக்கு வாய்த்ததில்லை.

ரிட்டையர் ஆனதும் நீ பின் போர்ஷனுக்கே குடிவந்தாய். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாதவள், கோயிலும் பக்கம், சொந்த வீடும் ஆயிற்று என்று எனக்கு நிம்மதி. அந்த ஒருமுறை மட்டும் நாம் ஒரு நாள் இருந்து பார்க்கவில்லை. நீதானே இருக்கப் போகிறாய், எதற்கு என்று நான்தான் சொன்னேன்.

வந்த புதிதில் ஒரே வாரத்தில் மூன்று முறை போன் செய்தாய். கதவு ஒட்டுகிறது, ஜன்னல் கொக்கி விழுகிறது என்று. மூன்றாவது போன் வந்த அன்று முன் போர்ஷன்காரரோடு சண்டை போட்டுவிட்டு எரிச்சலில் இருந்தேன். “நீயும் குடித்தனக்காரி மாதிரி ஆரம்பிச்சிட்டியா? ஓனர்டி நீ. ஓனர் மாதிரி இரு” என்றேன். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு நீ எந்தக் குறையும் சொன்னதில்லை. நான் அதைக் கவனிக்கவும் இல்லை.

நான் வந்ததெல்லாம் மாலையில்தான். காபி போட்டுக் கொடுப்பாய். சுவரோரம் பச்சைப் புடவையைப் போர்த்தி, மேலே ரேடியோவும் துளசிக் கிண்ணமும் வைத்து, உருண்டையாக ஒரு மேஜை வைத்திருந்தாய். உள்ளே என்ன என்று ஒருமுறை கேட்டேன். பழைய துணி என்றாய். இரண்டு வருடம் என் காபி டம்ளரை அதன் மேல்தான் வைத்தேன்.

நீ போனபின் உன் அண்ணன் மகள் மணப்பாறையிலிருந்து வந்து துணிமணியும் பாத்திரமும் எடுத்துக்கொண்டாள். அந்த மேஜையை அப்படியே விட்டுவிட்டாள். நானும் பூட்டியவள் திறக்கவில்லை. வாடகைக்கு விட மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. விட்டால் அங்கே நீ இல்லை என்று நானே கையெழுத்துப் போடுவதுபோல இருந்தது. போன வாரம் திருவெள்ளறையிலிருந்து ஒரு நர்ஸ் பெண் அம்மாவோடு வீடு கேட்டு வந்தாள். அம்மாவுக்கு நடக்கச் சிரமம், தரைத் தளம் வேறெங்கும் கிடைக்கவில்லையாம். அதனால்தான் நேற்று வந்தேன்.

பால் பாத்திரத்தைக் கழுவக் குழாயைத் திறந்தேன். நூல் மாதிரி இறங்கியது தண்ணீர். ஒரு சொம்பு நிறைவதற்குள் பால் பாக்கெட் வியர்த்துக் கொட்டிவிட்டது. குளியலறையில் அதுவும் வரவில்லை. அடைப்பாக இருக்கும் என்று நினைத்து, எதற்கோ திரும்பியவளின் கண்ணில் உன் மேஜை பட்டது. புடவையை எடுத்தேன். நீல நிறத் தண்ணீர் டிரம். தண்ணீர் வற்றி, உட்புறமெல்லாம் வெள்ளையாக உப்புப் படிந்து, அடியில் ஒரு மக் கிடந்தது.

நடு போர்ஷன் பெண்ணைக் கூப்பிட்டேன். இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்திருக்கிறாளே, அவளை. டிரம்மைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“எங்களுக்குக் காலையில தண்ணி சரியா வரலன்னு உங்ககிட்ட சொன்னேன்ல அக்கா, அந்தக் கோடையில. நீங்க பிளம்பரை விட்டு வால்வைத் திருப்பினீங்க. அதுலேர்ந்து பெரியக்காவுக்குக் காலையில வராது. பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போகட்டும், நான் மத்தியானம் புடிச்சு வச்சுக்கறேன்னாங்க. உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னுட்டாங்க.”

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பின்னால் ஒரே ஆள்தானே, அந்தப் பக்கத்து வால்வைக் கோடை முடியும் வரை பாதி மூடி வைக்கலாம் என்றார் பிளம்பர். சரி என்று போனிலேயே சொல்லிவிட்டேன். கோடை முடிந்தது. திறக்கச் சொல்ல மறந்துபோனேன். ஒரு குடித்தனக்காரியின் புகாரை ஒரே நாளில் தீர்த்துவிட்டேன் என்று உன்னிடமே வந்து பெருமை பேசினேன். நீ காபியை ஆற்றிக்கொண்டே, நல்ல காரியம் செய்தாய் என்றாய். அந்த முட்டியை வைத்துக்கொண்டு வாளி வாளியாகத் தூக்கி ஊற்றியிருக்கிறாய். முன்பின் தெரியாதவர்களுக்காக ஒரு நாள் லீவு போட்டு இருந்து பார்த்தவள் நான். உனக்காக ஒரு காலையில்கூட வந்து இருக்கவில்லை.

மாடிக்குப் போய் வால்வை நானே முழுக்கத் திறந்தேன். துருப்பிடித்திருந்தது, கை சிராய்த்தது. கீழே வந்தபோது பின் போர்ஷன் முழுக்கத் தண்ணீர் விழும் சத்தம். குழாய்களை மூடினேன். சமைக்கத் தோன்றவில்லை. பாயை விரித்துப் படுத்தேன். வெயில் கட்டம் கட்டமாக வந்தது. பக்கத்தில் நீ ஒருக்களித்துப் படுத்திருந்தாய், முகம் சுவர்ப் பக்கம். ஏண்டி சொல்லல என்று கேட்டேன். நீ திரும்பவில்லை. “தூங்குடி, நாலு மணிக்கு எழுப்பறேன்” என்றாய். கண் திறந்தபோது மணி ஐந்தரை. எழுப்ப யாரும் இல்லை. எழுந்து உட்கார்ந்து அழுதேன்.

இன்று காலை அந்தப் பெண்ணையும் அம்மாவையும் வரச் சொல்லியிருந்தேன். ஏழு மணிக்கே வாருங்கள் என்றேன். ஏன் அவ்வளவு சீக்கிரம் என்று அவர்களுக்குப் புரியவில்லை. அந்த அம்மா அறையைச் சுற்றிப் பார்த்தார், வாசற்படி ஏறி இறங்கிப் பார்த்தார், பிறகு கூச்சத்தோடு, “ஒரு குறையும் இல்லீங்க, நல்லாத்தான் இருக்கு” என்றார். வாடகைக்கு வருகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள். முன்பெல்லாம் அதைக் கேட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

இப்போது பயமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவர்கள் குடிவருகிறார்கள். நான் அவர்களிடம் குறை கேட்டுக்கொண்டே இருப்பேன், அவர்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள் என்பதும் தெரிகிறது. உன்னிடம் ஒருமுறையாவது கேட்டிருக்கலாமே என்று நேற்றெல்லாம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். கேட்டிருந்தால் நீ ஒன்றுமில்லை என்று சிரித்திருப்பாய். அப்போதும் நான் நம்பாமல் உள்ளே வந்து பார்த்திருக்க வேண்டும்.